கொட்டகைக்குள் இருபத்தாறு டிகிரி

வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்கின் அடிப்படைகளையும் பயன்பாடுகளையும் படித்து, சான்றிதழும் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். உங்களில் ஒருவர் தன் பாடக்குறிப்புகளை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் விடாமல் பார்த்தேன். முதல் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். ஒவ்வொரு வட்டமும் ஒரு சென்சார் பெட்டி. தான் அளந்ததை அது பக்கத்துப் பெட்டியிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி வாசலில் இருக்கும் கேட்வேக்கு வந்து சேரும். அங்கிருந்து இணையம், இணையத்திலிருந்து உங்கள் செல்போன். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் படத்தில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருந்தது வெறும் வெள்ளைத் தாள். நான் வேலை செய்த எந்த இடத்திலும் நடுவே வெள்ளைத் தாள் இருந்ததில்லை.

பயன்பாடுகள் என்ற தலைப்பின் கீழே காடு, கடல், எரிமலை, போர்க்களம் என்று போட்டிருந்தது. கோயமுத்தூரிலிருந்து போய்விட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பும் தூரத்தில் எரிமலை எதுவும் இல்லை. கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் உங்களைப் போல இதைப் படித்து வந்தவன் அல்ல. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தலை நரைக்கும்வரை டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். தொழிற்சாலை கைமாறியபோது வெளியே வந்தேன். அவிநாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் புதிதாகத் தொடங்கியிருந்த சென்சார் கம்பெனியில், பொருளைச் சோதித்துப் பார்க்க அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்றார்கள். போனால், அங்கே இருந்த எல்லோருக்கும் என் மகன் வயது. முதலாளிக்கும்தான். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். "என்னை முதலாளின்னு யாரும் கூப்பிடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினோம், ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரும் திட்டும்போது முதலாளியாகவே திட்டினார்.

நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், திரையில் காலிக் கட்டத்தைப் பார்த்தால் தாங்கமாட்டார். எங்கள் பொருளின் முகம் என்பதே அந்தத் திரைதான். ஒவ்வொரு சென்சார் பெட்டிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் வெப்பநிலை. நன்றாக இருந்தால் பச்சை, எல்லை தாண்டினால் சிவப்பு. ரேடியோ என்றால் அவ்வப்போது ஒரு செய்தி தவறத்தான் செய்யும். தவறினால் கட்டம் காலியாகும், அடுத்த செய்தி வந்ததும் நிரம்பும். விற்கப் போன இடத்தில் ஒருமுறை இப்படிக் காலியாகிவிட்டது. திரும்பி வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் எங்களைக் கூப்பிட்டார்.

"கட்டம் காலியா இருந்தா கஸ்டமர் பயந்துக்கறாங்கண்ணா. அடுத்த செய்தி வர்றவரைக்கும் பழைய நம்பரே நிக்கட்டும்."

கேட்க நியாயமாகவே இருந்தது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ பழைய எண் நின்றால் என்ன கெட்டுவிடும்? மென்பொருள் எழுதுகிறவர் டீ ஆறுவதற்குள் அதை மாற்றிக் கொடுத்தார். எவ்வளவு நேரம்வரை பழைய எண் நிற்கலாம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் திரையில் காலிக் கட்டமே கிடையாது. இவ்வளவு நம்பகமான நெட்வொர்க் உலகத்திலேயே இல்லை என்று முதலாளி விளம்பரம் செய்தார். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்க்கும் துளசிமணி என்ற பெண்மணி எங்களுடைய முதல் பெரிய வாடிக்கையாளர். நீளமான மூடிய கொட்டகை. ஒரு முனையில் தண்ணீர் வழியும் அட்டைத் தட்டிகள், மறுமுனையில் ஆள் உயர மின்விசிறிகள். விசிறிகள் காற்றை இழுத்தால் ஈரக்காற்று கொட்டகை முழுக்கப் பாயும், கோழிகள் குளிர்ச்சியாக இருக்கும். விசிறிகள் நின்றால் அது கொட்டகை இல்லை, அடுப்பு. கொட்டகை நெடுக எங்கள் பெட்டிகளைப் பொருத்தினோம். வெப்பநிலையைக் கோழி நிற்கும் உயரத்தில்தான் அளக்க வேண்டும் என்று ஆலோசகர் ஒருவர் சொன்னார். அதனால் பெட்டிகளை முழங்காலுக்குக் கீழே கட்டினோம். எத்தனை விசிறி ஓட வேண்டும் என்பதைப் பெட்டிகள் சொல்லும் வெப்பநிலையை வைத்து எங்கள் கட்டுப்பாட்டுக் கருவியே முடிவு செய்யும். மனிதக் கை படவே வேண்டாம். இதுவும் விளம்பரத்தில் இருந்தது. விளம்பரம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, விசிறிகளைக் கையால் போடும் சுவிட்சுகளை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வந்துவிட்டோம்.

காலிக் கொட்டகையில் சோதித்தோம். எல்லாப் பெட்டிகளும் கணீரென்று பேசின. குஞ்சுகள் வந்து இறங்கின. அப்போதும் பேசின. துளசிமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்நேரமும் கையில் செல்போன். உறவுக்காரர் வீட்டுச் சீர் ஒன்றுக்குப் போன இடத்தில், பந்தியில் உட்கார்ந்தபடி கொட்டகையின் வெப்பநிலையைப் பக்கத்து இலைக்காரர்களுக்குக் காட்டியதாக அவரே சொன்னார்.

கோழிகள் வளர்ந்தன. சித்திரை வெயிலும் வளர்ந்தது.

அன்று எங்கள் அலுவலகத்துக்குப் பெங்களூரிலிருந்து முதலீட்டாளர்கள் வந்திருந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. பெரிய அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. முதலாளி துளசிமணியின் கொட்டகையை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் கட்டமும் பச்சை. கீழே அன்றைய வெப்பநிலையைக் காட்டும் கோடு. காலையில் கொஞ்ச நேரம் மேலும் கீழுமாக நெளிந்த கோடு, பிறகு இருபத்தாறு டிகிரியில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல மதியம்வரை ஓடியது.

வந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். "வெளியே இந்த வெயில் அடிக்கிறது. உள்ளே இம்மிகூட அசையவில்லையே! என்ன ஒரு நிலைத்தன்மை!" என்றார்.

முதலாளி அடக்கமாகத் தலை குனிந்தார். பாராட்டு வரும்போது அவர் எப்போதும் அப்படித்தான் குனிவார்.

நான் காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. பம்ப் சோதிக்கிற இடத்தில், ஓடுகிற மோட்டாரின் முள் ஒருநாளும் சும்மா நிற்காது, சின்னதாக நடுங்கிக்கொண்டே இருக்கும். முள் ஆடாமல் நின்றால், ஒன்று மீட்டர் போயிருக்கும், இல்லை மோட்டார் போயிருக்கும். ஆயிரக்கணக்கான கோழிகள் மூச்சு விடும் இடத்தில் வெப்பநிலை எப்படி ஆடாமல் நிற்கும்? டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து துளசிமணியைக் கூப்பிட்டேன். மணி நெடுநேரம் அடித்தது.

"ஏனுங்ணா, சொல்லுங்க" என்றார். குரல் சோர்ந்திருந்தது.

"அம்மணி, கொட்டகைக்குள்ள எப்படி இருக்குதுங்க?"

"இருபத்தாறுங்ணா. இப்பத்தான் போன்ல பாத்தேன்."

"போன்ல வேண்டாமுங்க. உள்ள போயிப் பாத்தீங்களா?"

"காலையில போனனுங்ணா. என்னமோ எனக்கு ஒடம்புக்கு ஆகலை. உள்ள போனதும் வேர்த்து ஊத்துச்சு, படபடன்னு வந்துருச்சு. போனைப் பாத்தா இருபத்தாறுன்னு காட்டுது. செரி, நமக்குத்தான் பிரசர் ஏறிப்போச்சாட்டம்னு ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துட்டேன்."

கொட்டகைக்குள் நின்ற ஒரு மனுஷியின் உடம்பு சுடுகிறது என்று சொல்லியிருக்கிறது. எங்கள் திரையோ, இல்லை என்று சொல்லியிருக்கிறது. அவர் திரையை நம்பி உடம்புக்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார்.

"அம்மணி, அந்த நம்பரை நம்பாதீங்க. அது காலையில வந்த நம்பர். எந்திரிச்சு உள்ள போங்க, சீக்கிரம்."

"என்னங்ணா இப்புடிச் சொல்றீங்க? பச்சையாத்தானுங்களே இருக்குது?"

"பச்சை பொய்யிங்க!"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி திரும்பிப் பார்த்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

போனில் செருப்புச் சத்தம், கதவு திறக்கும் சத்தம். பிறகு துளசிமணியின் குரல் வேறாக இருந்தது.

"அய்யோ, எல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்ணா. றெக்கைய விரிச்சுட்டு மூச்சு இளைக்குது. கடைசில இருக்கறது படுத்துப்போச்சு. ரெண்டே ரெண்டு ஃபேன்தான் ஓடுது."

எங்கள் கட்டுப்பாட்டுக் கருவியும் அந்தக் காலை எண்ணையே நம்பி, இரண்டு விசிறி போதும் என்று இருந்திருக்கிறது.

"சுவிட்ச் பெட்டியத் திறந்து எல்லா ஃபேனையும் போடுங்க."

"பூட்டியிருக்குதுங்களே. சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

சாவி என் மேசை டிராயரில், பெயர் எழுதிய வளையத்தில், மிகப் பத்திரமாக இருந்தது. அங்கிருந்து பல்லடத்துக்கு நான் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கோழிகள் காத்திருக்காது.

"உடைச்சுப் போடுங்க" என்றேன்.

"உடைச்சா வாரண்டி போயிருமுங்ணா. பேப்பர்ல போட்டிருக்குது."

இத்தனை வருட வேலையில் எத்தனையோ வாடிக்கையாளர்களை எங்கள் பொருள் நல்லது என்று நம்ப வைக்கப் பாடுபட்டிருக்கிறேன். எங்கள் பொருளை நம்பாதே என்று ஒருவரை நம்ப வைக்க அன்றுதான் பாடுபட்டேன். இரண்டாவதுதான் கஷ்டமானது.

"அந்த வாரண்டிப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டவன் நானுங்க. நானே சொல்றேன், கடப்பாரை எடுத்து உடைங்க அம்மணி. உடைங்க!"

இந்த முறை அறைக்குள் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முகத்தில் விருந்தாளிகளுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறியிருந்தன.

"அண்ணா, என்ன பண்றீங்க? உள்ள கெஸ்ட் இருக்காங்க."

"பல்லடத்துல கோழி சாகுது. நம்ம ஸ்கிரீன் காலையிலிருந்து செத்துக்கிடக்குது."

"இல்லையேண்ணா, லைவா ஓடிட்டிருக்குதே" என்று அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். தான் சொல்லித்தான் பழைய எண் அங்கே நிற்கிறது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. திரையைத் தினமும் பார்க்கிற யாருக்கும் அது மறந்துவிடும்.

போனில் இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு ஏதோ தெறித்து விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் விசிறிகள் ஒவ்வொன்றாக இரைச்சலோடு எழும்பின. அந்த இரைச்சலில் துளசிமணி என்ன சொன்னார் என்பது புரியவில்லை. அழுதார் என்று நினைக்கிறேன்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னால் நடந்ததைச் சக ஊழியர் ஒருவர் பிறகு சொன்னார். முதலாளி உள்ளே போய், "இதுதான் எங்களுடைய அவசரகாலப் பயிற்சி. முன்னறிவிப்பு இல்லாமல் நடத்துவோம்" என்றாராம். வந்தவர்கள் அசந்துபோய்க் கை தட்டினார்களாம். முதலீடும் வந்தது. உலகம் இப்படித்தான் என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், பிறகு ஆச்சரியப்படாதீர்கள்.

பண்ணையில் கை தட்ட யாரும் இல்லை. விசிறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பெரும்பாலான கோழிகள் பிழைத்துவிட்டன. காற்று எட்டாத மூலையில் இருந்தவை பிழைக்கவில்லை. துளசிமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செத்த கோழிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கூடையை எடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"காலையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்ணா. நான்தான் என்னையே நம்பலை" என்று மட்டும் சொன்னார். நான் இன்னொரு கோழியை எடுத்துக் கூடையில் போட்டேன். இழப்பீடு விஷயத்தை முதலாளி வந்து பேசி முடித்தார். இன்னொரு பேட்ச் கோழிக்கு எங்கள் பெட்டிகளையே வைத்துப் பார்க்கவும் துளசிமணி சம்மதித்தார். அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அவர் குணம்.

என்ன நடந்தது என்று தேடினோம். வாசல் பக்கம், கேட்வேக்கு மிக அருகில் இருந்த பெட்டியின் பேட்டரி தீர்ந்திருந்தது. அதன் வழியாகத்தான் மற்ற எல்லாப் பெட்டிகளின் செய்தியும் போக வேண்டும். அது ஓய்ந்ததும் பின்னால் இருந்த அத்தனையும் ஊமையாகிவிட்டன. முதலாளி அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எல்லோருடைய வேலையையும் சுமந்து முதலில் களைத்துப்போவார். இது உங்கள் பாடக்குறிப்பிலும் இருக்கிறது, வேறு வார்த்தைகளில். ஆனால் வருடக்கணக்கில் வர வேண்டிய பேட்டரி ஒரு பேட்ச் கோழிக்குக்கூட வராதது ஏன்?

பேட்டரி மாற்றினோம், நன்றாகப் பேசியது. "பாத்தீங்களா, பிரச்சனையே இல்லண்ணா" என்றார் முதலாளி. இந்தத் தொழிலில் நான் அதிகமாகப் பயப்படுகிற வாக்கியம் அது.

விடை, கோழி பிடிக்கிற அன்று கிடைத்தது. வியாபாரியின் லாரி வந்து, ஆட்கள் கோழிகளைப் பிடித்துக் கூண்டுகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் ஒரு தீவன மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியின் சிக்னலும் எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த வேலையும் ஓடாததால்தான் பார்த்தேன். கூண்டுகள் ஏற ஏறச் சிக்னல் பலம் கூடிக்கொண்டே வந்தது. கொட்டகை காலியானபோது பெட்டிகள் பழையபடி கணீரென்று பேசின.

கோழியின் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். நம் ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும். குஞ்சாக இருந்தபோது அலை அவற்றின் தலைக்கு மேலே போனது. வளர்ந்ததும் பெட்டிகளுக்கு நடுவே ஒரு தண்ணீர்ச் சுவரே எழுந்துவிட்டது. செய்தி போய்ச் சேராததால் ஒவ்வொரு பெட்டியும் திரும்பத் திரும்பக் கத்தியது. கத்திக் கத்தியே பேட்டரி தீர்ந்தது. நாங்கள் சோதித்தது காலிக் கொட்டகையை, விற்றது கோழி நிறைந்த கொட்டகைக்கு. சென்சாரைக் கோழி உயரத்திலேயே விட்டுவிட்டு, ஆன்டெனாவை மட்டும் ஒயர் இழுத்துக் கூரை அருகே உயர்த்திக் கட்டினோம். அரை நாள் வேலை.

சுவிட்ச் பெட்டியின் பூட்டை எடுத்துவிட்டோம். செய்தி வராமல் போனால் எல்லா விசிறிகளும் தானாக ஓடும்படி கருவியை மாற்றினோம். கோழிக்குச் சளி பிடித்தால் பரவாயில்லை. இவையெல்லாம் சுலபமாக நடந்தன. கஷ்டமானது அந்தக் காலிக் கட்டம்தான்.

கொஞ்ச நேரம் செய்தி வராவிட்டால் கட்டம் சாம்பல் நிறமாகி, "தெரியவில்லை" என்று காட்ட வேண்டும் என்றேன். அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். விற்பனைப் பிரிவில் இருந்த பெண், சாம்பல் நிறம் மங்களகரமாக இல்லை என்றார். இன்னொருவர் இளம்பச்சை வைத்துக்கொள்ளலாமே என்றார். "தெரியவில்லை" என்ற சொல் கம்பெனியின் பெயரைக் கெடுக்கும், "இணைப்பு ஓய்வில் உள்ளது" என்று போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"கஸ்டமர் காசு குடுக்கறதே தெரிஞ்சுக்கறதுக்குத்தானண்ணா. நாமளே தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டித்தானே ஒரு பொம்பளையப் பிரசர் மாத்திரை சாப்பிட வெச்சோம்" என்றேன்.

முதலாளி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, "சாம்பலே இருக்கட்டும்" என்றார். அவரை நல்ல மனிதர் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அது கிண்டல் இல்லை.

அடுத்த பேட்ச் சிக்கலில்லாமல் வளர்ந்து முடிந்தது. முதலாளி உடனே ஒரு விளம்பர வீடியோவுக்கு ஏற்பாடு செய்தார். வாடிக்கையாளரே நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். கேமராக்காரரோடு பல்லடம் போனோம். துளசிமணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். பக்கத்தில் அவர் கணவர், வெள்ளை வேட்டியில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பேச வேண்டியதை விற்பனைப் பிரிவு அழகாக எழுதிக் கொடுத்திருந்தது. துளசிமணி அதை மடித்துக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கேமராவைப் பார்த்தார்.

"இவிங்க பொட்டி ஒருக்கா என்னைய ஏமாத்திப்போடுச்சுங்க. இப்ப ஏமாத்தறதில்லீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுது. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எங்க ஊட்டுக்காரரு வாயில அந்த ஒரு வார்த்தைய நான் கேட்டதே இல்லீங்க."

கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குத் தெரியாம என்ன இருக்குது?" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

அந்த வீடியோவைக் கம்பெனி வெளியிடவே இல்லை. முதல் வாக்கியத்திலேயே ஏமாற்று என்ற சொல் வருகிறதாம். நான் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். விளக்கை அணையுங்கள், போட்டுக் காட்டுகிறேன்.